முதுகில் கண்டதைச் சொன்ன கொக்கு

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைக்காத காலம். அப்போது ஒரு மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. இருந்ததா என்றால், இருந்தது. அந்தக் குளத்துக்கு ஒரு காவல்காரனும் இருந்தான்.

அவன் பெயர் கருமலை. காட்டெருமைக் கடா. ஒருமுறை குளத்துக்கு வந்த சிறுத்தையைக் கொம்பால் தூக்கிப் பாறையில் அடித்தான். அதில் அவனுடைய இடது கொம்பின் நுனி பிளந்து இரண்டானது. அதற்குப் பிறகு சிறுத்தை அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. கருமலை நடந்தால் மான்கள் வழிவிடும். முயல்கள் வணக்கம் வைக்கும். "அண்ணன் இருக்கிற வரைக்கும் நமக்கு என்ன கவலை" என்பதுதான் குளத்தங்கரையில் எப்போதும் பேச்சு.

கருமலையின் மனைவி சோலையி. ஒரே பிள்ளை பொட்டு. நெற்றியில் வெள்ளையாகக் கொஞ்சம் மயிர் இருந்ததால் அந்தப் பெயர். சோலையி மேற்கு மலைக்கு அப்பால் பிறந்தவள். அங்கே அவளுடைய அக்காமார் பதினொரு பேர் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்தபிறகு அவள் அந்தப் பக்கம் ஒருநாள்கூடப் போகவில்லை. "நான் இருக்கும்போது உனக்கு வேற யாரு வேணும்?" என்று கருமலை கேட்டான். அதை அவள் முதலில் பாசம் என்றுதான் நினைத்தாள்.

கருமலைக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்க இறங்கும்போது கரையில் தவளை உட்கார்ந்திருந்தால் மிதிப்பான். வழியில் இருந்தால் மிதிப்பான் என்று நினைக்காதீர்கள். வழியை விட்டு விலகிப் போய் மிதிப்பான்! ஆமையைக் கண்டால் கொம்பால் புரட்டிப் போடுவான். அது மல்லாந்து காலாட்டுவதை நின்று பார்ப்பான். மற்ற விலங்குகள் அந்த நேரத்தில் வானத்தைப் பார்க்கும். சில குரங்குகள் சிரிக்கவும் செய்யும்.

அதே குளத்தங்கரையில் வெள்ளாயி என்று ஓர் உண்ணிக்கொக்கு இருந்தது. பெரிய விலங்குகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதுதான் அதன் பிழைப்பு. உண்ணி பொறுக்கும் கொக்குகளுக்கெல்லாம் ஒரே ஒரு விதி இருந்தது. முதுகில் கண்டதை வாயால் சொல்லக் கூடாது. யாருக்கு எங்கே சொறி, யாருக்கு எங்கே தழும்பு, எதுவும் வெளியே போகக் கூடாது. சொன்னால் அப்புறம் யார் முதுகைக் காட்டுவார்கள்? கூட்டில் குஞ்சுகள் என்ன தின்னும்? அதனால் கொக்குகள் அந்த விதியை உயிராகக் காத்தன.

ஒருநாள் காலையில் வெள்ளாயி சோலையியின் விலாப் பக்கம் உண்ணி தேடிக்கொண்டிருந்தது. மயிரை விலக்கியதும் அதன் அலகு அப்படியே நின்றது. தோலில் இரண்டு கோடுகள். பக்கத்துப் பக்கத்தில், ஒரே இடைவெளியில், வண்டித் தடம்போல ஓடின. இந்த இரட்டைக் கோட்டை அது எங்கோ பார்த்திருக்கிறது. எங்கே? ஆமையின் ஓட்டில்!

"சோலையி அக்கா, இது என்ன காயம்?"

"பாறையில வழுக்கிடுச்சு."

"ரெண்டு கோடா வழுக்குமா?"

சோலையி மேய்வதை நிறுத்தவில்லை. தலையும் தூக்கவில்லை. மெல்லச் சொன்னாள்: "உங்க தொழிலுக்கு ஒரு விதி இருக்காமே. அதை நம்பித்தான் உன்னை உட்கார விடுறேன், வெள்ளாயி."

அவ்வளவுதான். கொக்கு வாயை மூடிக்கொண்டது. விதி விதிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஆனால் அன்று பாதியிலேயே இறங்கிக் கூட்டுக்குப் போய்விட்டது.

மூன்று நாள் போனது. நான்காம் நாள் காலை வெள்ளாயி கரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் எதிரே ஒரு தவளை நொண்டி நொண்டி வந்து நின்றது. கொக்கின் முன்னால் தவளை தானாக வந்து நிற்கிறதென்றால் பாருங்களேன்! அதன் பெயர் கொரட்டான். பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது.

"திங்கிறதா இருந்தா அப்புறம் தின்னு கொக்கம்மா. முதல்ல நான் சொல்றதைக் கேளு."

வெள்ளாயிக்குச் சிரிப்பு வந்தது. "கருமலை மிதிச்சானா?" என்று கேட்டது.

"அவன் மிதிச்சா உயிரோட வந்திருப்பேனா? மிதிச்சது அவன் பிள்ளை. பொட்டு."

கொக்கு இரண்டாவது காலையும் கீழே ஊன்றியது.

கொரட்டான் நடந்ததைச் சொன்னது. நேற்றுச் சாயங்காலம் கன்று அதன் காலைக் குளம்பால் அழுத்திப் பிடித்ததாம். அழுத்தமும் பெரிதாக இல்லையாம், முகத்தில் கோபமும் இல்லையாம். சிறு பிள்ளைகள் வீடு கட்டி, சோறு ஆக்கி விளையாடுமே, அந்த மாதிரி ஏதோ விளையாட்டாகத்தான் கன்று அதைச் செய்ததாம். அப்போது அது பேசிய பேச்சைத்தான் கொரட்டானால் மறக்க முடியவில்லை.

"என்ன பேசுச்சு?"

"'அசையாதே. அழுதா இன்னும் ரெண்டு கிடைக்கும். யாராவது கேட்டா பாறையில வழுக்கிடுச்சுன்னு சொல்லணும்.' இப்படிச் சொல்லிச்சு. தவளைக்குப் பாறையில வழுக்குமா கொக்கம்மா? நாங்க பாறையிலயே பொறந்தவங்க. இது அந்தப் பிள்ளை சொந்தமா யோசிச்ச பேச்சு இல்ல. வீட்டுல யாரோ யாருக்கோ சொன்ன பேச்சு."

வெள்ளாயியின் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. பாறையில வழுக்கிடுச்சு! இரண்டு கோடு! ஆமை ஓடு! எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. மிதிபடுவது குளக்கரையில் மட்டும் இல்லை. அவன் குடும்பம் தங்கும் புதருக்குள்ளேயும் நடக்கிறது. அதே பிளந்த கொம்பு, அதே குளம்பு.

"நானும் தவளை திங்கிறவதானே, என்கிட்ட ஏன் வந்தே?" என்று கேட்டது கொக்கு.

"நீ பசிச்சாத் திங்கிறே. பசி தீர்ந்தா பறந்துடுறே. அவனுக்குப் பசியே இல்லையே" என்றது கொரட்டான். அத்தோடு இன்னொன்றும் சொன்னது. அதுதான் முக்கியமானது. இன்று விடியும்போது பொட்டு மேற்குப் பாதையில் நாலடி நடந்து போய், பெரியம்மாக்கள் வீடு எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறது. கருமலை அதைக் கேட்டுவிட்டான். அவன் கத்தவில்லை. உச்சிவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மறக்காத மாதிரி வழி காட்டுகிறேன் என்று அமைதியாகச் சொன்னானாம். கரையோரச் சேற்றில் இருந்த தவளைகள் அத்தனையும் அதைக் கேட்டன.

வெள்ளாயி வானத்தைப் பார்த்தது. உச்சிவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்!

கொக்கு பறந்தது. தவளை குதித்தது. இரண்டும் நேராகப் போனது குளத்துத் தலைவரான கடமானிடம். அவர் கொம்பில் ஆறு கிளை இருந்ததால் எல்லோரும் அவரை ஆறுகிளையார் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்லவர். ஆனால் எதையும் வழக்கப்படிதான் செய்வார். வழக்கத்தில் இல்லாததைச் செய்யச் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும்.

கொரட்டான் தன் காலைக் காட்டியது. ஆறுகிளையார் வருத்தப்பட்டார். ஆனாலும் தவளைகள் மிதிபடுவதெல்லாம் சின்ன விஷயம், அதற்காகக் காவல்காரனைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்றார். உடனே வெள்ளாயி அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. சோலையியின் விலாவில் கண்டதைச் சொன்னது. ஆறுகிளையார் காதை மடக்கிக்கொண்டார். அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், வீட்டு விஷயம், நாம் தலையிடக் கூடாது என்றார்.

"தவளைன்னா சின்ன விஷயம். பெண்டாட்டின்னா வீட்டு விஷயம். அப்போ எதுதான் தலைவரே நம்ம விஷயம்?" என்று கேட்டது வெள்ளாயி.

 ஆறுகிளையார் 'சிறுத்தை வந்தா, சிறுத்தை வந்தா' என்று மட்டும் முணுமுணுத்தார்.

அப்போது கொரட்டானுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் மேலாவது புகார் சொன்னால், சொல்கிறவர் குரல் ஓயும்வரை மற்றவர் நின்று கேட்க வேண்டும். பாதியில் நகர்ந்தால் மூன்று மாதம் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவை மான்கள். மான்களுக்குப் பேச்சே கிடையாது, இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடும். தவளை புகார் சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததே இல்லை!

"தவளை புகார் சொல்லக் கூடாதுன்னு வழக்கத்துல இருக்கா தலைவரே?"

 இல்லை என்று ஆறுகிளையார் ஒப்புக்கொண்டார்.

கொரட்டான் கொக்கின் பக்கம் திரும்பியது. "நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ மேற்கு மலைக்குப் போ. சோலையியோட அக்காமார் பதினொரு பேரையும் கூட்டிக்கிட்டு வா!"

வெள்ளாயி இறக்கையை விரித்தது. மரத்தில் இருந்த மற்றக் கொக்குகள் கூச்சல் போட்டன. முதுகு ரகசியத்தை வெளியே சொன்னால் தொழிலை விட்டே தள்ளிவைப்போம் என்றன. குஞ்சுகளை நினைத்துப் பார் என்றன. வெள்ளாயி நினைத்துப் பார்த்தது. கீழே பார்த்தது. புதர் ஓரத்தில் பொட்டு அம்மாவின் வயிற்றோடு ஒட்டி நின்றது. ஒரு சருகு விழுந்ததற்கே அது துள்ளி நடுங்கியது. அவ்வளவுதான், வெள்ளாயி திரும்பிப் பார்க்காமல் பறந்தது.

வெயில் ஏறியது. கருமலை தண்ணீர் குடிக்க வந்தான். வயிறு நிறையக் குடித்தான். திரும்பி ஓரடி வைத்தான். எதிரே ஒரு கல்லின் மேல் கொரட்டான்!

"புகார்!" என்று கத்தியது கொரட்டான். "கருமலை மேல புகார்!"

குரங்குகள் கைதட்டிச் சிரித்தன. மான்கள் ஓடி வந்தன. முயல்கள், முள்ளம்பன்றி, ஆமைகள், எல்லோரும் கரையில் கூடிவிட்டார்கள். கருமலையும் சிரித்தான். ஒரு தவளைக்குப் பயந்து ஓடினான் என்று நாலு பேர் பேசக் கூடாதல்லவா? சொல்லு பார்க்கலாம் என்று கம்பீரமாக நின்றான்.

கொரட்டான் ஆரம்பித்தது. எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? தன் கொள்ளுப்பாட்டன் முட்டையிலிருந்து வந்த கதையிலிருந்து! எந்த மழையில், எந்தக் குழியில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். அப்புறம் பாட்டன் கதை. அப்புறம் அப்பன் கதை. கருமலை பல்லைக் கடித்தான். கொரட்டானுக்கு மூச்சு முட்டியது. அது மூச்சு வாங்கும் நேரத்தில் பக்கத்துத் தவளை "கொர்ர்" என்று அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூச்சு வாங்கினால் அடுத்தது. குளம் முழுக்க ஒரே குரல், ஓயவே இல்லை! புகார் சொல்லும் குரல் ஒன்றா பலவா என்பது வழக்கத்தில் இல்லையே என்று ஆறுகிளையார் தலையைச் சொறிந்துகொண்டார்.

வெயில் உச்சியைத் தாண்டியது. கருமலையின் மூக்கிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. "முடிக்கிறியா, இல்லையா?" என்று உறுமினான்.

கொரட்டான் மேற்கே பார்த்தது. கொக்கைக் காணவில்லை. இனி இழுக்கக் கதையும் இல்லை. கடைசியில் நேற்று நடந்ததற்கு வந்தது.

"என் காலை நசுக்கினது கருமலை இல்லை. அவன் பிள்ளை பொட்டு. மூணு மாசத்துக் கன்று. அது என்கிட்ட என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்று கேட்டு, கன்று பேசிய பேச்சை ஒரு சொல் விடாமல் சொன்னது. அசையாதே. அழுதா இன்னும் ரெண்டு. கேட்டா பாறையில வழுக்கிடுச்சு.

 சிரித்த குரங்குகளும் வாயை மூடிக்கொண்டன.

மூங்கில் புதர் அசைந்தது. சோலையி வெளியே வந்தாள்.  தன் மேல் விழுந்த அடிகளை அவள் எண்ணியதில்லை. எண்ணாமல் இருந்தால் தாங்கிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் தன் பிள்ளை வாயில் அந்தப் பேச்சா? அதை அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பாறையில வழுக்கலை" என்றாள் சோலையி. குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. உடம்பைத் திருப்பி விலாவைக் காட்டினாள். ஒரு கிழ ஆமை மெல்ல நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் தன் ஓட்டைக் காட்டியது. அங்கே இரண்டு கோடு, இங்கேயும் இரண்டு கோடு. அளந்து வைத்தது மாதிரி ஒன்றாக இருந்தன.

கருமலைக்குக் கண் சிவந்தது. எதிரில் ஊரே நிற்பது அவனுக்கு மறந்துபோனது. "உள்ளே போ!" என்று கத்திக்கொண்டு கொம்பைத் தாழ்த்தினான். பொட்டு அம்மாவின் முன்னால் ஓடி நின்றது. ஐயோ, கன்று! அந்தக் கொம்புக்கு அது ஒரு கவளம்!

அப்போது ஆறுகிளையார் ஒரு காரியம் செய்தார்.  ஓரடி எடுத்து வைத்துக் கன்றுக்கு முன்னால் போய் நின்றார். "புகார் இன்னும் முடியலை. நகரக் கூடாது" என்றார். பக்கத்தில் முள்ளம்பன்றி வந்து முள்ளை விரித்தது. அதன் பக்கத்தில் ஒரு முயல்கூட வந்து நின்றது.

கருமலை ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

தரை அதிர்ந்தது! மூங்கில்கள் படபடவென்று முறிந்தன! மேற்குப் பாதையில் புழுதி எழும்பியது. புழுதிக்கு மேலே ஒரு வெள்ளைக் கொக்கு. புழுதிக்குள் பதினொரு காட்டெருமைகள்! வந்தவர்கள் முட்டவில்லை, மோதவில்லை. சோலையியையும் பொட்டுவையும் நடுவில் வைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். மூத்த அக்கா சோலையியின் விலாவை ஒருமுறை நக்கினாள். "இத்தனை நாள் ஏன்டி சொல்லி அனுப்பலை?" என்று மட்டும் கேட்டாள். சோலையிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கருமலை இப்போது வேறு குரலில் பேசினான். தான் இல்லாவிட்டால் இந்தக் குளத்துக்கு யார் காவல், நாளைக்கே சிறுத்தை வரும், அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டான். மான்கள் தலை குனிந்தன. அது அவற்றுக்கு உண்மையான பயம்தான்.

முயல்தான் பதில் சொன்னது. "சிறுத்தைக்கு வயிறு நிறைஞ்சா போயிடும், அண்ணே. உனக்கு எப்போ நிறையும்?"

மூத்த அக்கா முயலைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் இனி இந்தக் குளத்துக்கே தண்ணீர் குடிக்க வருகிறோம், சிறுத்தை வந்தால் பதினொரு ஜோடிக் கொம்பு இருக்கிறது என்றாள். "பன்னிரண்டு" என்று திருத்தினாள் சோலையி.

கருமலை கொஞ்ச நேரம் நின்றான். யாராவது 'அண்ணே, போகாதே' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான் போல. யாரும் சொல்லவில்லை. அவன் வடக்குப் பக்கம் நடந்து மூங்கிலுக்குள் மறைந்தான்.

மரத்தில் இருந்த கொக்குகள் கீழே இறங்கின. வெள்ளாயியைத் தள்ளிவைப்பது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கூடி விதியில் ஒரு மாற்றம் செய்தன. சொறியைச் சொல்லக் கூடாது, தழும்பைச் சொல்லக் கூடாது, அது அப்படியேதான். ஆனால் ஒருவரால் இன்னொருவருக்கு வந்த காயம் ரகசியம் ஆகாது என்று முடிவு செய்தன. ஒரு கிழக்கொக்குக்கு மட்டும் கடைசிவரை அது பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

காட்டெருமைகள் கிளம்பின. மான்கள் மேயப் போயின. ஆமைகள் தண்ணீரில் இறங்கின. பொட்டு மட்டும் போகவில்லை. கல்லின் மேல் இருந்த கொரட்டானிடம் வந்து நின்றது.

"வலிக்குதா?" என்று கேட்டது.

"வலிக்குது" என்றது கொரட்டான். இல்லை என்று பொய் சொல்லவில்லை.

கன்று தன் குளம்பைப் பார்த்தது. "நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனா?"

கொரட்டான் அதை ஏற இறங்கப் பார்த்தது. "எனக்கு எப்படித் தெரியும்? நடந்து காட்டு, பார்ப்போம்."

பொட்டு திரும்பியது. ஒரு காலைத் தூக்கியது. கீழே குனிந்து பார்த்தது. பிறகு மெதுவாக வைத்தது. மேற்குப் பாதையில் எறும்புச் சாரை ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கடைசி எறும்பு கடக்கும்வரை அது காலைத் தூக்கியபடியே நின்றது. அப்புறம் அம்மா போன வழியில் நடந்து போனது.

காலடியில் கிடக்கும் சின்ன உயிரை வேடிக்கைக்காக வதைப்பவன் தன் வீட்டாரையும் வதைக்கத் தயங்கமாட்டான். அதனால் தவளையின் புகாரையும் காதுகொடுத்துக் கேட்கிற இடத்தில்தான் தாயும் பிள்ளையும் பயமில்லாமல் வாழ முடியும்.